தோளில் தவில், தோளுக்குள் ஷெல் துண்டு: வலியோடு வாசிப்பவர்களுக்கு

எங்கள் ஊர்களில் வலியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வசனம் உடனே வந்து விழும். “ரெண்டு காலும் இல்லாததுகளே வாய் திறக்காமல் இருக்குதுகள், உனக்குத் தோள் நோவாமோ?” யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. 2009 ஐக் கண்ட சனத்துக்கு இழப்பை அளக்க வேறு கோல் கிடையாது. உயிர் போனது முதலாவது. கால், கை, கண் போனது இரண்டாவது. மூட்டு நோ, விரல் விறைப்பு, தோள் உளைவு எல்லாம் கணக்கிலேயே வராது.

நான் தவில் வாசிப்பவன். அளவெட்டியில் பழகத் தொடங்கி, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு தென்மராட்சி, வன்னி என்று போய், 2009 மாசியில் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் காயக்காரனாகத் திருகோணமலைக்கு வந்தவன். வலது தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தோளோடுதான் பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் திருவிழாவும் கலியாண வீடும் வாசித்து வருகிறேன். இந்தக் காலத்தில் வைத்தியர்களிடமும் இயன்மருத்துவர்களிடமும் சக வித்துவான்களிடமும் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன். தவில், மிருதங்கம், பறை, உடுக்கு, ட்ரம்ஸ் என்று எதை வாசிப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மேசன் வேலை, தையல், தோட்டம் என்று கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் பொருந்தும்.

தவில் உடம்பிடம் என்ன கேட்கிறது?

தவிலின் கட்டை பலா மரத்தில் கடைந்தது. முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டும் போட்டு முறுக்குகிறோம். சுருதி நிற்கிறது, மழைக்கும் தாங்குகிறது. ஆனால் பாரம் கூடிவிட்டது. என்னுடைய தவிலை ஒருநாள் அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பதினொரு கிலோவுக்குச் சற்று மேல் காட்டியது. சுவாமி வெளிவீதி சுற்றும்போது இந்தப் பாரம் ஒரு துணி நாடாவில், ஒரு தோளில் தொங்குகிறது. வெறுங்கால், சுடுமணல், மணிக்கணக்கான நேரம். பாரம் முன்பக்கம் இழுக்க, முதுகு பின்பக்கம் சாய, கழுத்து ஒரு பக்கம் கோணும்.

கைகளின் வேலை வேறு. வலந்தலையை விரல்களில் கூடு போட்டு வாசிக்கிறோம். துணியும் பசையும் சுற்றி இறுக்கிய கூடு காய்ந்தால் கல் மாதிரி. விரலின் சிறு மூட்டுகளுக்கு அது கவசமாகவும் இருக்கிறது. அதிர்ச்சியை நேரே உள்ளே அனுப்பியும் வைக்கிறது. தொப்பிப் பக்கத்தைப் பூவரசங் கழியால் அடிக்கிறோம். கழியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க முழங்கையின் வெளிப்பக்கத் தசை இறுகும். விரைவு காலத்தில் நிமிடத்துக்குப் பல நூறு தட்டுகள் விழும். தனி ஆவர்த்தனம் நீண்டால் அது எத்தனை ஆயிரம் என்று யாரும் எண்ணுவதில்லை.

1975 இல் மறைந்த தெட்சணாமூர்த்தி அவர்களின் பெயரைச் சொல்லாமல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் தவிலைத் தொடுவதில்லை. அவர் போல் வாசிக்க வேண்டும், சளைக்காமல் வாசிக்க வேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. எத்தனை மணித்தியாலம் வாசித்தார்கள் என்று கதை சொல்வார்கள். வாசித்து முடிந்து வீட்டுக்குப் போய்க் கையை எங்கே வைத்தார்கள், எப்படி நித்திரை கொண்டார்கள் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

நோ என்பது ஒன்றல்ல

“கை நோகுது” என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். வைத்தியரிடம் அந்தச் சொல் போதாது. எங்கே, எப்போது, எப்படி நோகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. நான் விளங்கிக்கொண்ட வரையில் நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண் அது. தவில்காரருக்கு அதிகம் அடிபடுவது இதுதான். தோளைத் தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் குத்தினால், கழியைப் பிடிக்கும்போது முழங்கை வெளிப்பக்கம் எரிந்தால், பெருவிரல் பக்க மணிக்கட்டு இழுத்தால், பெரும்பாலும் நாண்தான் காரணம். தசை சில கிழமைகளில் பலம் ஏறிவிடும். நாண் மெதுவாகத்தான் பழகும். மார்கழியிலும் ஆடியிலும் கலியாணம் இல்லை. தை பிறந்ததும், ஆவணி பிறந்ததும் ஒரு கிழமையில் நாலு வீடு வரும். ஓய்ந்திருந்த கைக்குத் திடீரென்று விழும் இந்தச் சுமைதான் நாணைக் கெடுக்கிறது. கொரோனாக் காலம் முடிந்து விழாக்கள் ஒரேயடியாகத் தொடங்கியபோது எங்கள் செற்றில் மூன்று பேருக்குத் தோள் பிடித்ததும் இதனால்தான்.

இரண்டாவது மூட்டு. வயதும் உழைப்பும் சேர்ந்து, எலும்பு முனைகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் கசியிழையம் தேய்கிறது. காலையில் கொஞ்ச நேரம் விறைத்து, அசைத்தால் இளகும். இது தேய்வு. காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, இரண்டு கையின் சிறு மூட்டுகளும் வீங்கிச் சூடாக இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைத் தேய்வு என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம். பிந்தினால் கோணியது நிமிராது. இன்னொன்று, சிக்குன்குனியா. 2006 இல் அது வடக்கு கிழக்கில் பரவியபோது பட்டவர்களுக்குத் தெரியும்: காய்ச்சல் ஒரு கிழமையில் போனது, மூட்டு நோ மாதக்கணக்கில் நின்றது.

மூன்றாவது நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசிபடுகிறது. சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். கழி கையிலிருந்து நழுவத் தொடங்கினால், சட்டைத் தெறி பூட்டக் கஷ்டமாக இருந்தால், அது பலவீனம். நோவை விடப் பலவீனம் ஆபத்தான அடையாளம். நரம்பு நீண்டகாலம் நசிந்து கிடந்தால் திரும்பி வராது.

நாலாவது பழைய காயம். உடைந்து கோணலாகப் பொருந்திய எலும்பு, காயத்தின் மேல் இறுகிப்போன தழும்பு, உள்ளே தங்கிய உலோகம். காயம் பட்டபோது இளைஞராக இருந்தவருக்கு இப்போது வயது ஏறிவிட்டது. மூட்டுக்குக் கிட்ட அடிபட்டவர்களுக்கு மற்றவர்களை விட முந்தியே தேய்வு வரும். போர் முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நோ தொடங்குவது மனப்பிரமை அல்ல. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

இவற்றோடு நீரிழிவையும் சேர்க்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் பிடித்துப்போவது மற்றவர்களை விட அதிகம். தோள் நோவுக்குப் போகும் அன்றே இரத்தத்தில் சீனியையும் பார்ப்பது நல்லது.

உள்ளே உலோகம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

எனக்குக் காயத்துக்கு ஐந்தாறு வருடங்களின் பின் வலது கை மேலே போகாமல் வந்தது. கிளினிக்கில் எக்ஸ்றே எடுத்தார்கள். இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் தெரிந்தன. “துண்டை எடுத்துவிடலாமோ?” என்று கேட்டேன். “ஐயா, அது இருக்கிற இடத்தில் சும்மா இருக்குது. தேடிப்போய் வெட்டினால் நரம்புக்கும் தசைக்கும் சேதம் வரலாம். உங்கட நோவுக்குக் காரணம் அந்தத் துண்டு மட்டும் இல்லை, நாணும் அழற்சிப்பட்டிருக்கு” என்றார் வைத்தியர். சன்னமோ ஷெல் துண்டோ உள்ளே இருப்பதால் மட்டும் அதை எடுத்தாக வேண்டும் என்றில்லை. பெரும்பாலான துண்டுகளைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிக்கொள்ளும். எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. மூட்டுக்குள்ளேயே துண்டு இருப்பது, நரம்பை அழுத்துவது, பழைய தழும்பு சிவந்து வீங்கிச் சீழ் வடிவது ஆகியவை அவற்றில் சில. ஈயச் சன்னம் மூட்டுக்குள் கிடந்தால் மூட்டு நீரில் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் ஈயம் ஏறவும் கூடும். ஆகவே துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது படம் எடுத்துத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதை விட அவசரமான விடயம் எம்.ஆர்.ஐ. ஸ்கான். அது பலமான காந்தத்தால் வேலை செய்யும் இயந்திரம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்கு அருகில், பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து மிக அதிகம். தோளுக்கோ முதுகுக்கோ எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால், “எனக்குள்ளே ஷெல் துண்டு இருக்குது” என்று எழுதும் வைத்தியரிடமும் ஸ்கான் அறையில் இருப்பவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள். தேவையானால் அல்ட்ராசவுண்ட் அல்லது சி.ரி. ஸ்கான் செய்வார்கள். அவற்றில் காந்தம் இல்லை.

இதைச் சொல்வது எங்கள் சனத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காயத்தைக் காட்டினால் “எங்கை இருந்தனீ? எதில இருந்தனீ?” என்ற கேள்வி வரும் என்ற பயம் இன்னும் விட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தில் தழும்பை மறைக்கச் சால்வையை இறக்கிப் போடும் வித்துவான்களை நான் கண்டிருக்கிறேன். வைத்தியருக்குத் தேவையானது ஒன்றுதான்: உடம்பில் உலோகம் இருக்கிறது, இந்த இடத்தில், இந்த வருடம் பட்டது. அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. அப்போதைய வைத்தியசாலை அட்டைகள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன என்பதற்காகவும் தயங்க வேண்டாம். எக்ஸ்றே படமே சாட்சி. அதில் கண்டதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிசை, ஊசி, எண்ணெய், புக்கை

திருவிழாக் காலத்தில் தவில் பையைத் திறந்தால் கூட்டுக்கும் கழிக்கும் பக்கத்தில் ஒரு குளிசை மட்டை கட்டாயம் இருக்கும். டைக்குளோபெனாக் ஒன்றைப் போட்டு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மேளத்தைத் தூக்குவது எங்கள் தொழிலில் சாதாரணம். அந்தக் குளிசை வேலை செய்யும் என்பது உண்மை. சாப்பிடாமல், கிழமைக்கணக்காக, வைத்தியருக்குத் தெரியாமல் போட்டால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் பழுதாகும். இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு அது கூடாது. வவுனியா உட்பட வரட்சி வலயத்தில் சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. வெயிலில் வியர்வை கொட்ட, தண்ணீர் குடிக்காமல் வாசித்துக்கொண்டு மேலால் இந்தக் குளிசையையும் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வைத்தியர் எழுதித் தந்த அளவில், தந்த நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் அது மருந்து.

பனடோல் இதை விடப் பாதுகாப்பானது. அதற்கும் எல்லை உண்டு. வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்துக்குள் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. குடிப் பழக்கமோ ஈரல் வருத்தமோ இருந்தால், உடம்பு மெலிந்திருந்தால், அதிலும் குறைவாக எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பெயர் இல்லாத கடதாசிச் சரையில் “மூட்டு நோவுக்கு நல்ல குளிசை” என்று வருவதில் ஸ்ரீரொயிட் இருக்கக்கூடும். இரண்டாம் நாளே நோ பறந்துவிடும். மாதங்கள் போக முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. வைத்தியரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும். வைத்தியர் மூட்டுக்குப் போடும் ஸ்ரீரொயிட் ஊசி வேறு விடயம். சரியான இடத்தில், சரியான ஆளுக்கு அது நல்ல பலன் தரும். ஆனால் திருவிழாவுக்குத் திருவிழா அதையே கேட்டுப் போனால் நாண் பலவீனப்படும்.

எண்ணெய் பூசுவதையும் புக்கை கட்டுவதையும் பழிக்க நான் ஆளில்லை. முறிவு நெரிவு வைத்தியர்கள்தான் போர்க்காலத்தில் எத்தனையோ கை கால்களைக் காத்தவர்கள். பழைய விறைப்புக்குச் சூடும் எண்ணெயும் இதம். புதிதாக அடிபட்டு வீங்கிச் சூடாக இருக்கும் இடத்தை உருவக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான் நல்லது. கட்டு இறுகி விரல் நுனி நீலமானாலோ விறைத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். ஷெல் துண்டு இருக்கும் இடத்தை அழுத்தி உருவ விடக் கூடாது.

சாராயத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நோவுக்கு மருந்தாக அது எங்கள் தொழிலுக்குள் வந்து எத்தனை நல்ல கைகளைக் கொண்டுபோனது என்று எல்லாருக்கும் தெரியும். அது நோவைக் கேட்காமல் செய்கிறது. நோ கேட்காதவன் கிழிந்த நாணை மேலும் கிழிப்பான்.

என்னுடைய தோளில் எது வேலை செய்தது?

இயன்மருத்துவப் பிரிவில் என்னைப் பார்த்த பிள்ளைக்கு என் மகளின் வயது இருக்கும். தவில் என்றால் என்ன பாரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கிளினிக்குக்குத் தவிலையே கொண்டுபோனேன். தோளில் போட்டு நின்று காட்டச் சொன்னாள். சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, நாடா விழுகிற இடமும் காயம் பட்ட இடமும் ஒண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையள் பை போடுற மாதிரி ரெண்டு தோளிலயும் பாரத்தைப் பிரிச்சால் என்ன?” என்றாள். ஊர்த் தையற்காரரிடம் அகலமான பருத்திப் பட்டியில், உள்ளே மெத்தை வைத்து, முதுகில் குறுக்காகப் போகும்படி தைப்பித்தேன். மேலே சால்வை போட்டால் வெளியே தெரியாது. சம்பிரதாயம் கெட்டதாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பயிற்சிக்குக் கருவி வாங்கத் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி யன்னல் கம்பியில் கட்டி, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து மெதுவாக இழுப்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்புவது. முதலில் நாளுக்குப் பத்து நிமிடம். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டினோம். மூன்று மாதம் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. அதன் பிறகே கை காதுக்கு மேல் போகத் தொடங்கியது. நாண் மெதுவாகப் பழகும் என்பதைத் தெரிந்திருந்தால் இந்த மூன்று மாதத்தில் மனம் உடைந்து விட்டுவிட மாட்டோம். இவை என் தோளுக்குச் சொன்னவை. உங்களுடைய காயத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு இயன்மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் தந்த இன்னொரு அளவுகோலை எங்கள் செற்றில் எல்லாரும் இப்போது பாவிக்கிறோம். நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். வாசிக்கும்போது மூன்று, நாலுக்குள் நின்று, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சுமை சரி. அதற்கு மேல் போனால், அல்லது அடுத்த நாளும் இறங்காவிட்டால், அடுத்த விழாவில் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்திவிட்டுப் படுத்திருப்பதும் கூடாது. ஓய்ந்த தசை இளைக்கும். பிறகு அதே மேளம் இன்னும் பாரமாக இருக்கும்.

வாசிப்பிலும் சில மாற்றங்கள் செய்யலாம். கூடு போட முன் வெறும் விரலால் பத்து நிமிடம் விளம்ப காலத்தில் தட்டி உடம்பைச் சூடாக்குவது. விரல் வீங்கியிருக்கும் நாளில் இறுக்கமான கூட்டைத் தள்ளி ஏற்றாமல், சற்றுத் தளர்வான இன்னொரு தொகுதி செய்து வைத்திருப்பது. கழி பிடிக்கும் இடத்தில் துணி சுற்றித் தடிப்பாக்குவது. தடித்த பிடிக்குக் குறைந்த இறுக்கம் போதும். ஆடியிலும் மார்கழியிலும் மேளத்தை மூடி வைக்காமல் நாளுக்கு அரை மணித்தியாலமாவது வாசித்து, தைக்கும் ஆவணிக்கும் கையை ஆயத்தமாக வைத்திருப்பது. இரண்டு தவில் உள்ள செற்றில் ஆளாளுக்குப் பாரம் மாற்றி வாசிப்பது.

என் நோ இன்னும் முழுதாகப் போகவில்லை. நல்ல நாளில் இரண்டு, தேர் முடிந்த அன்று நாலு. வைகாசி மாதத்தில், காரணம் ஒன்றும் இல்லாமல், ஆறு. நித்திரை இல்லாத இரவும், நினைவும், பயமும் நோவைக் கூட்டும் என்று வைத்தியர்களே சொல்கிறார்கள். அந்த மாதத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கை தானாக இறுகும். வாணம் விடும் வீதியில் தாளம் பிசகாமல் வாசிப்பது எங்களில் பலருக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. இதற்கும் வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது தோளுக்கும் உதவும்.

கையே போனால்?

எங்கள் இளம் பிள்ளைகள் பலருக்கு இப்போது ட்ரம்ஸ் மேல் ஆசை. அவர்களில் கையையோ காலையோ இழந்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ரிக் அலன் 1984 டிசெம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை செய்த வேலையைக் கால் மிதிகளுக்கு மாற்றி, அதற்கேற்ற இலத்திரனியல் கருவி செய்வித்து, 1986 இல் அதே குழுவோடு பெரிய மேடையில் வாசித்தார். இன்றுவரை வாசிக்கிறார். அவரிடம் இருந்த பணம் எங்களிடம் இல்லை. ஆனால் அவர் கருவியை உடம்புக்கு ஏற்ப மாற்றினார். குழு அவருக்காகக் காத்திருந்தது. இந்த இரண்டையும் எங்களாலும் செய்ய முடியும்.

கோயிலும் கலியாண வீடும் செய்யக்கூடியவை

வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் கிளினிக் நாளில் ஒரு கலியாண வீடு வந்தால் கலைஞன் கலியாண வீட்டுக்குத்தான் போவான். எங்களுக்கு நோய் விடுமுறை இல்லை. நோ என்று சொன்னால் “அவருக்குக் கை விழுந்திட்டுதாம்” என்று கதை பரவி அடுத்த வருடத் திருவிழா வேறு செற்றுக்குப் போய்விடும். ஆகவே நோவை மறைப்பதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை, சோறும் காரணம். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த வித்துவான் விரல் விறைப்பை மூன்று வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னபோது பெருவிரல் தசை வற்றிவிட்டது. இன்று அவர் பிள்ளைகளுக்கு வாயால் சொற்கட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். கையால் காட்ட முடியவில்லை.

கோயில் பரிபாலன சபைகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீதியில் நின்று வாசிக்கும் இடங்களில் தவிலை வைக்க ஒரு வாங்கு. இடைக்கிடை தண்ணீர். பகலும் இரவும் ஒரே ஆட்களை நிற்க வைக்காமல் இரண்டு செற் ஒழுங்கு செய்ய முடிந்தால் அது. நல்லூரில் திருவிழா 25 நாள். சிறிய கோயில்களிலும் பத்து நாளுக்குக் குறையாது. கலியாண வீட்டுக்காரரும் தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் வேண்டும் என்றால், அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் இடைவிடாமல் வாசிக்கச் சொல்லாமல் விடலாம்.

எங்களுக்காவது இதைக் கேட்க ஒரு வாய் இருக்கிறது. செத்த வீட்டில் காலை தொடங்கிச் சுடலை வரை பறையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதரின் தோளை யார் கேட்டது? சாதியின் பெயரால் அவருக்குக் கதிரை கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவருடைய மூட்டும் என்னுடைய மூட்டும் ஒரே மாதிரித்தான் தேய்கின்றன. அவருக்குள்ளும் ஷெல் துண்டு இருக்கலாம்.

எப்போது தாமதிக்கவே கூடாது?

காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாகி அசைக்க முடியாமல் வீங்கினால் அன்றே வைத்தியசாலை. பழைய காயம் திறந்து வடிந்தால் அன்றே. கை திடீரென்று பலம் இழந்தால், முதுகு நோவோடு இரண்டு காலும் விறைத்தால், சலம் மலம் கட்டுப்படாமல் போனால் அன்றே. மலம் தார் போல் கறுத்துப் போனால், அதுவும் நோக் குளிசை எடுப்பவருக்கு, அன்றே. இரவில் நித்திரையால் எழுப்பும் விறைப்பு, இரண்டு கிழமைக்கு மேல் இறங்காத நோ, வீங்கிய விரல் மூட்டுகள் ஆகியவற்றுக்கு அந்த மாதத்துக்குள் கிளினிக். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர முடியாதவர்கள் தங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவைக் கேட்டுப் போகலாம்.

கால் இழந்தவரின் நோ பெரிதா, என்னுடைய தோள் நோ பெரிதா என்ற கேள்விக்கு வைத்தியத்தில் இடமில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி, ஒரு இலக்கம். முன்னால் இருப்பவருக்குக் கால் இல்லை என்பதால் என்னுடைய நாண் தானாகப் பொருந்தப் போவதில்லை. நான் பேசாமல் இருப்பதால் அவருக்குக் கால் வரப்போவதும் இல்லை. நாங்கள் எவ்வளவோ இழந்துவிட்டோம். எஞ்சியிருக்கும் கைகளையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். நோகிறது என்றால் நோகிறது என்று சொல்லுங்கள். அடுத்த கிளினிக் எப்போது என்று நாளைக்கே கேளுங்கள்.